எல்லையில் நூற்றிருபது பூ

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன் சார். பிறகு ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். மேல்காட்டுப் பக்கம் மூன்று பேர். நான், என் தம்பி தவசி, தம்பி பெண்சாதி வீராயி. கீழ்க்காட்டுப் பக்கம் மூன்று பேர். என் சித்தப்பா மகன் ஒண்டிவீரன், அவன் பெண்சாதி காமுத்தாய், அவர்கள் மகன் ராசாங்கம். பொது ஆள் ஒருவர், பக்கத்து எஸ்டேட் வாட்ச்மேன் அந்தோணி. ஆக ஏழு. ராசாங்கத்தின் நாயும் வந்திருந்தது. அதையும் சேர்த்து எட்டு என்று போலீசில் சொன்னேன். ஏட்டு நாயை எழுதவில்லை. எழுதாதது அவர் இஷ்டம். இருந்தது இருந்ததுதான்.

இந்தப் பாலத்துக் கட்டையில் கொஞ்சம் உட்காருங்கள் சார். ஏற்றம் பாக்கி நிறைய இருக்கிறது. அளக்கிற மெஷினை அந்தப் பக்கம் வையுங்கள், இது ஈரம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மறித்துக்கொண்டான் என்று நினைக்காதீர்கள். அளக்கச் சொல்லி மனுப் போட்டது காமுத்தாய். நீங்கள் மேலே போனதும் அவள் அழுவாள். அழுகைக்கு முன்னால் ஒரு தடவை கணக்காகக் கேட்டுவிட்டால் உங்களுக்கும் வேலை சுலபம். எனக்குப் பேச வராது. கூட்டத்தில் வாய் திறக்க மாட்டேன். பெண்பிள்ளைகள் நிற்கிற இடத்தில் தலை நிமிராது. அதனாலேயே கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை என்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எண்ணிக்கை மட்டும் தப்பாது. கடுக்காய்மேட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சோலையப்பன் எண்ணினால் எண்ணியதுதான்.

எங்கள் தாத்தாவுக்கு அந்தச் சரிவில் ஒன்பது ஏக்கர். காப்பி, மிளகு எல்லாம் இரண்டு ஏக்கருக்கு மேல் கிடையாது. மீதி காடுதான். வேங்கை, நாவல், மருது, பேர் தெரியாத மரங்கள். தாத்தாவுக்கு இரண்டு மகன். மூத்தவர் எங்கள் அப்பா, அவருக்கு மேல்காடு. இளையவர் சித்தப்பா, அவருக்குக் கீழ்க்காடு. மேற்கே ஓடை, கிழக்கே எஸ்டேட் வேலி. இரண்டுக்கும் நடுவே குறுக்காக ஒரு கோடு. அந்தக் கோட்டை எதால் போடுவது?

தாத்தா காலத்தில் கல் நட்டுத்தான் பிரிப்பார்கள். தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் அப்படித்தான் கல் நட்டார்கள். கல் இருட்டில் நகர்ந்தது. மறுபடி நட்டார்கள், மறுபடி நகர்ந்தது. கடைசியில் தாத்தாவின் தம்பி வேறு ஊருக்கே போய்விட்டார். அந்தக் கசப்பில் தாத்தா சொன்னாராம்: “கல்லுக்குக் கால் முளைக்கும். கிழங்குக்கு முளைக்காது.” சொல்லிவிட்டுக் காட்டு வெங்காயக் கிழங்கைக் கூடை கூடையாகத் தோண்டி வந்து, ஓடையிலிருந்து வேலி வரைக்கும் ஒரே நேராக, முழங்கை ஆழத்துக்குக் குழி போட்டு நட்டுவிட்டார். நூற்றிருபது கிழங்கு.

காட்டு வெங்காயம் பார்த்திருக்க மாட்டீர்கள். தாள் வெங்காயம் மாதிரிதான் இருக்கும், வாயில் வைத்தால் ஆளைக் கொல்லும். வருடம் முழுக்க மண்ணுக்குள் ஒளிந்து கிடக்கும். தோண்டி நகர்த்தலாம் என்றால் எங்கே கிடக்கிறது என்று திருடனுக்கே தெரியாது. சித்திரையில் முதல் கோடைமழை இறங்க வேண்டும். எங்கள் காடு அப்போது ஒரு வாரம் பைத்தியம் பிடித்தது மாதிரி இருக்கும். இலையே இல்லாமல் காட்டு மஞ்சள் தரையைப் பிளந்துகொண்டு ரோஸ் நிறத்தில் தலை நீட்டும். நிலப்பனை மஞ்சளாக, சட்டைப் பித்தான் அளவுக்குப் பூக்கும். காட்டுக்கருணை பூத்தால் செத்த எலி நாற்றம் அடிக்கும். அதையெல்லாம் நான் எண்ணுவதில்லை. எண்ணப் புகுந்தால் எனக்கும் பைத்தியம் பிடித்துவிடும். காட்டு வெங்காயம் மட்டும். வெள்ளைப் பூ, ஒல்லி ஒல்லியாய் ஆறு இதழ். இலை பிறகுதான் வரும். முதலில் வெறும் தண்டும் பூவும், மண்ணிலிருந்து விரல் நீட்டியது மாதிரி. இரண்டு மூன்று நாள் நிற்கும், வாடிவிடும்.

அந்த இரண்டு மூன்று நாளில் ஒரு காலைப்பொழுது இரண்டு வீடும் கூடுவோம். பூ எண்ணுகிற நாள் என்று அதற்குப் பேர். பொங்கலைவிட எங்களுக்கு அதுதான் பெரிசு. ஒருவர் எண்ண வேண்டும், நூற்றிருபது இருக்க வேண்டும். பொது ஆள் ஓடைப் பக்கத்து முதல் பூவில் கயிற்றைப் பிடிப்பார், கடைசிப் பூவில் இன்னொருவர் இழுத்துக் கட்டுவார். கயிற்றுக்கு மேலே மேல்காடு, கீழே கீழ்க்காடு. தாத்தா வைத்த சட்டம் ஒன்று உண்டு. பூ இந்த வருடம் எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லை. போன வருடம் எங்கே நின்றது, அப்பன் காலத்தில் எங்கே நின்றது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. பழம்பேச்சில்தான் அரிவாள் வருகிறது என்பார் தாத்தா. பழம்பேச்சு இல்லை, சண்டை இல்லை. பூவைப் பார், கயிற்றைப் பிடி, போய்ச் சோறு தின்னு.

சித்தப்பா கண் மூடின வருடத்திலிருந்து நான்தான் எண்ணுகிறேன். இரண்டு வீடும் சேர்ந்து என்னைத்தான் எண்ணச் சொன்னது. ஒண்டிவீரனே சொன்னான்: “எங்க அண்ணன் ஒரு மொளகு கூடக் கொறயா எண்ணாது.”

அந்த நம்பிக்கைக்கு நான் துரோகம் செய்தது இல்லை சார். அதைச் சொல்லத்தான் மறித்தேன்.

பூ நூற்றிருபதோடு நிற்குமா? நிற்காது. கிழங்கு பக்கத்தில் குட்டி போடும். பூ காய்ந்தால் கறுப்பாக விதை, பொட்டுக் கணக்காக, எடையே இருக்காது. மழைத்தண்ணீரில் மிதந்து போய் எங்கேயாவது முளைக்கும். ஒவ்வொரு வருடமும் நூற்று நாற்பது, நூற்று ஐம்பது என்று தலை நீட்டும். கணக்கு நூற்றிருபது. கூடுதலை எடுக்காவிட்டால் கோடு கோடாக இருக்காது, கோழி கிளறின முற்றம் மாதிரி ஆகிவிடும். அதனால் மழை பெய்த மறுநாளிலிருந்து தினம் காலையில் போய், தலை நீட்ட நீட்ட, கூடுதலைப் பிடுங்கிவிடுவேன்.

எதைப் பிடுங்குவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில், மேலே நிற்பதைத்தான் பிடுங்குவேன். கீழே அவர்கள் மண்ணில் நிற்பதை நான் எப்படித் தொடுவேன்? அடுத்தவன் மண்ணில் ஒரு புல்லைக் கிள்ளினவன் இல்லை நான். அவர்கள் பக்கத்தை அவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒண்டிவீரன் ஒரு நாளும் பிடுங்க மாட்டான், சோம்பேறி. காமுத்தாய் பூவைப் பிடுங்கினால் பாவம் என்பாள். ஆகவே அவர்கள் பக்கத்துப் பூ அப்படியே நிற்கும். நஷ்டப்பட்டது நாங்கள்தான். ஒவ்வொரு வருடமும் பூ போனது எங்கள் பக்கத்தில். அதைப் பெரிதாக நான் சொல்லிக்கொண்டதே இல்லை.

என்ன சார் பார்க்கிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா? இதோ, குடியுங்கள். இது எங்கள் தொட்டித் தண்ணீர்தான்.

தண்ணீர் என்றதும் சொல்கிறேன். சரிவின் நடுவே ஒரு ஊற்று இருக்கிறது. பாறை இடுக்கிலிருந்து கட்டைவிரல் பருமனுக்கு வரும், பங்குனி சித்திரையிலும் நிற்காது. எங்களுக்கு மேலே ஓடையில் தொட்டி இருக்கிறது, அதற்குக் கீழே கோடையில் ஓடை வற்றிவிடும். கீழ்க்காட்டுக்கு அந்த ஊற்றுதான். குடிக்க, சமைக்க, மாட்டுக்கு, குளிக்க. அது இல்லையென்றால் அவர்கள் கோடையில் அங்கே குடியிருக்க முடியாது. இத்தனை வருடமாக ஊற்று கயிற்றுக்குக் கீழேதான் இருந்தது. போன வருடம் கயிறு ஊற்றுப் பாறையை உரசிக்கொண்டு போனது. தவசி அப்போதே கண்ணைச் சிமிட்டினான். அந்த ஊற்றிலிருந்து மிளகுக்கு ஓஸ் போட்டுத் தண்ணீர் விட வேண்டும் என்று தவசிக்கு ரொம்ப நாள் ஆசை. நான் எதுவும் சொல்லவில்லை. எண்ணுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது.

இந்த வருடம் நல்ல மழை. எண்ணினேன். நூற்றிருபது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அந்தோணி ஓடைப் பக்கம் கயிற்றைப் பிடித்தார். தவசி வேலிப் பக்கம் இழுத்தான். கயிறு விறைத்து நின்றதும் எல்லோரும் ஊற்றைத்தான் பார்த்தார்கள். கயிறு ஊற்றுக்குக் கீழே, ஒன்றரை அடி கீழே போயிற்று.

தவசி சிரித்துவிட்டான். அது தப்புத்தான். சிரித்திருக்க வேண்டாம்.

“என்ன ஒண்டிண்ணே, ஊத்து எங்க வீட்டுக்குக் குடி வந்துருச்சு போல? நல்ல நாள் பாத்துப் பால் காச்சிருவமா?”

“வெளாடாத தவசி,” என்றான் ஒண்டிவீரன். அவனும் பாதி சிரித்தபடிதான் சொன்னான். என் பக்கம் திரும்பினான். “அண்ணே, கயித்த ஒருக்கா தளத்திப் பிடிக்கச் சொல்லுங்க. எங்கயோ கோணியிருக்கு.”

“கயித்தக் கொற சொல்லாத. பூவப் பாரு,” என்றேன்.

பூவைப் பார்த்தான். பூ கயிற்றோடு ஒட்டித்தான் நின்றது. அங்கங்கே ஒரு சாண் அப்படி இப்படி. அவன் முகம் மாறியது.

காமுத்தாய் இடுப்பில் குடத்தோடு வந்திருந்தாள். பூ எண்ணி முடிந்ததும் தண்ணீர் எடுத்துப் போகிற யோசனை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

“அத்தான், நான் வாக்கப்பட்டு வந்த வருசம் இந்த ஊத்துல குனிஞ்சு தண்ணி மோந்துட்டு நிமிந்தா, பூ என் தலைக்கு மேல மேட்டுல நிக்கும். அண்ணாந்து பாப்பேன். இன்னைக்குக் கால்ல மிதிபடுது. பூ நடந்தா வந்துச்சு?”

“ஆமாடி,” என்றாள் வீராயி. “மகராணி மொகத்தப் பாக்கணும்னு நடந்து வந்துச்சு.”

“உன்கிட்டப் பேசல. எண்ணுனவரக் கேக்குறேன்.”

பார்த்தீர்களா? பழம்பேச்சு. எது கூடாது என்று தாத்தா வைத்தாரோ அதையே முதலில் எடுத்தது அவள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் சார். நான் “நூத்தியிருவது சரியா இருக்கு,” என்று மட்டும் சொன்னேன்.

ராசாங்கம் அதுவரை மண்வெட்டியில் சாய்ந்து நின்றான். ஊற்றுக்கால் தூர் எடுக்கக் கொண்டுவந்த மண்வெட்டி. முப்பது வயது, நல்ல பையன், என் மேல் மரியாதை உள்ளவன். மெதுவாகத்தான் கேட்டான்.

“பெரியப்பா, பூ நிக்கிற எடந்தான எல்லைங்கிறீங்க?”

“ஆமா.”

“பூவே இல்லாட்டி?”

சொல்லிக்கொண்டே மண்வெட்டியை ஓங்கிப் போட்டான். ஒரே வெட்டில் நாலு பூ. மண்ணோடு பெயர்ந்து வந்தது. கிழங்கு வெள்ளையாக உருண்டு ஊற்றுக்காலில் விழுந்தது. இரண்டாவது வெட்டு, மூன்று பூ. மூன்றாவது வெட்டு, ஐந்து. நூற்றெட்டு என்று என் வாய் தானாகச் சொல்லியது.

தவசி வேலிப் பக்கத்திலிருந்து ஓடி வந்தான். கயிற்றை விட்டுவிட்டான். ஓடி வருகிறபோதே பூவை மிதித்துக்கொண்டு வருகிறான், “ஓரமா வாடா” என்று கத்தினேன், காதில் விழவில்லை. நூற்று இரண்டு. வந்த வேகத்தில் ராசாங்கத்தின் இடுப்பில் உதைத்தான். பையன் முகம் குப்புறப் பாறையில் விழுந்தான். மூக்கு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. தவசி நிறுத்தவில்லை. கிடந்தவனை மறுபடி உதைத்தான், விலாவில் உதைத்தான், “வெட்டுவியாடா? வெட்டுவியாடா?” என்று கேட்டுக் கேட்டு உதைத்தான்.

“எம் மகன விட்றா,” என்று ஒண்டிவீரன் பின்னாலிருந்து தவசி கழுத்தைக் கட்டிப் பிடித்தான். அடிக்கப் பிடிக்கவில்லை, இழுக்கத்தான் பிடித்தான். அதை நான் பார்த்தேன். போலீசிலும் சொன்னேன். என் தம்பி என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். இருவரும் தள்ளாடினார்கள். ஒண்டிவீரன் கால், தவசி கால், நாலு கால் சார், செருப்புக் கால், பூத்த இடம் முழுக்க மாவு அரைத்த மாதிரி அரைத்தது. தொண்ணூற்று மூன்று. காட்டுக்குப் போகிறவன் இடுப்பில் அரிவாள் இல்லாமல் இருக்குமா? தவசி இடுப்பிலிருந்து உருவினான். முன்னால் வெட்டவில்லை. மூச்சு முட்டினவன், பின்னால் குருட்டாம்போக்கில் வீசினான். ஒண்டிவீரன் தொடையில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக இறங்கியது. ஆட்டை அறுத்த மாதிரி பீய்ச்சியது.

வீராயி கல்லை எடுத்துக் காமுத்தாய் வாயில் அடித்தாள். காமுத்தாய் அவளிடம் போகவே இல்லை, புருஷனிடம் ஓடியவளைத்தான் அடித்தாள். இரண்டு பல் போயிற்று. காமுத்தாய் திரும்பி வீராயி தலைமயிரைக் கையில் சுற்றி, பாறையோடு இழுத்துப் போனாள். அந்தோணி ஓடைப் பக்கம் நின்று “யேசுவே, யேசுவே” என்று கத்தினார். கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார். “கயிறு! கயிறு!” என்று நான் கூப்பிட்டேன். கயிறு போனால் எல்லை போயிற்று. அவர் திரும்பவில்லை. நாய் அவர் பின்னால் போயிற்று.

அப்புறம் ராசாங்கம் எழுந்தான். முகத்தில் மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. மண்வெட்டி கையிலேயே இருந்தது. தவசி அரிவாளோடு திரும்பினான். அரிவாள் பிடித்த கை மேலேதான் மண்வெட்டி விழுந்தது. பாறை மேல் கை, கை மேல் மண்வெட்டி. ஒரு போடு. கை மணிக்கட்டோடு துண்டாகிப் பாறையிலேயே நின்றுவிட்டது. தவசி கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அண்ணே, என் கையி” என்றான், சின்னப் பிள்ளையில் பம்பரம் தொலைந்தால் சொல்வானே அந்தக் குரலில். இரண்டாவது போடு தோளில். மூன்றாவது போடு போடுவதற்குள் ராசாங்கம் மயங்கி விழுந்துவிட்டான். எதன் மேல் விழுந்தான்? பூ மேல். எழுபத்தொன்று.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்கள். அங்கேதான் இருந்தேன். எண்பதாவது பூவுக்குப் பக்கத்தில், அசையாமல். அசைந்தால் எதையாவது மிதித்துவிடுவேன். என் காலில் ஒரு பூ கசங்கவில்லை. என் கை ஒருவர் மேலும் படவில்லை. ஏழு பேரில் இப்படிச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். அந்தோணிகூட ஓடுகிறபோது இரண்டை மிதித்தார்.

ஒண்டிவீரன் ஊற்றில் சரிந்து கிடந்தான். இடுப்பு வரைக்கும் தண்ணீரில். அந்தச் சின்ன ஊற்று சிவப்பாகி நிரம்பி வழிந்து கீழ்க்காட்டுக்குள் போனது. வழக்கமாகப் போகிற பாதையிலேயே போனது. என்னைப் பார்த்து, “அண்ணே, தண்ணி” என்றான். சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் எல்லாம் ரத்தம், அதை எப்படிக் கொடுப்பது? மேலே எங்கள் தொட்டிக்குப் போய்ச் சொம்பில் பிடித்து, சிந்தாமல், மெதுவாக இறங்கி வந்தேன். வருவதற்குள் அவன் கேட்பதை நிறுத்தியிருந்தான். காமுத்தாய் மடியில் தலை கிடந்தது. அவள் முந்தானையைத் தொடையில் அடைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் ரத்தம். சொம்பை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

அதற்கப்புறம் நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தோணி எஸ்டேட் ஆட்களைக் கூட்டி வந்தார். போர்வையில் கட்டித் தூக்கினார்கள். ஒண்டிவீரன் ரோட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டான். தவசி பெரியாஸ்பத்திரியில் கட்டிலோடு விலங்கு போட்டுக் கிடக்கிறான். விலங்கை இடது கையில் மாட்டியிருக்கிறார்கள். ராசாங்கம் ஜெயிலில். அப்பன் சாவுக்குக் கொள்ளி வைக்கப் போலீஸ் கூட்டி வந்து கூட்டிப் போனார்கள். வீராயி பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. இப்போது மேல்காட்டில் நான். கீழ்க்காட்டில் காமுத்தாய். நடுவில் ஊற்று.

அவள் தினமும் குடத்தோடு வருகிறாள் சார். எல்லை முடிவாகிற வரைக்கும் மோக்க வேண்டாம் என்று அந்தோணியிடம் சொல்லி அனுப்பினேன். நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழாது. “அப்ப நான் எதக் குடிக்கிறதுன்னு அவரையே கேட்டுட்டு வாங்க” என்றாளாம். அந்தோணி வந்து கேட்டார். அதற்கு நான் என்ன சொல்வேன்? அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. அவள் மோந்துகொண்டுதான் போகிறாள். நான் தடுக்கவில்லை. பூப்படி ஊற்று எங்களுடையது என்று தெரிந்தும் தடுக்கவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். இதற்காகத்தான் காலையிலேயே இறங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

சண்டைக்கு அப்புறம் நான் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தேன். காட்டுப் பக்கம் போகவே நேரமில்லை. நடுவில் இரண்டாவது மழை பெய்தது. நேற்றைக்கு முந்தாநாள் பெரிய மழை, உங்கள் ஊரிலும் இருந்திருக்கும். இன்றைக்கு நீங்கள் வருகிறீர்கள் என்று சொன்னதால், இடத்தை ஒழுங்காக வைப்போம் என்று விடியக்காலையில் போனேன். கயிற்றுக்கோட்டில் மிஞ்சின எழுபத்தொன்றும் வாடித் தொங்கிவிட்டது. அது வழக்கம்தான்.

மேலே பார்த்தேன். எங்கள் பக்கத்தில், ஊற்றுக்கு மேலே, மேட்டில், அவ்வளவும் வெள்ளை.

இந்த மழைக்கு மறுபடியும் பூத்திருக்கிறது. தினம் போய் எடுக்காததால் எல்லாம் ஒரே நேரத்தில் விரிந்து நிற்கிறது. ஓடையிலிருந்து வேலி வரைக்கும், ஒரே நேராக. கயிறு பிடித்து நட்டாலும் அவ்வளவு நேராக வராது. எண்ணினேன். ஐம்பத்தெட்டு. நடுநடுவே இடைவெளி, ஆனால் நேர் மாறவில்லை. பிடுங்கிப் பார்த்தால் மற்றக் களை மாதிரி வரவும் இல்லை. கீழ்வரிசையில் ராசாங்கம் ஒரு வெட்டு வெட்டியதும் கிழங்கு உருண்டு வந்தது. மேலே உள்ளது அப்படி வராது. எப்போதுமே வராது, கழுத்தில் அறுந்துகொள்ளும். கிழங்கு எங்கோ கீழே, முழங்கை ஆழத்தில், பிடிவாதமாக உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் வருடா வருடம் அந்த இடத்திலேயே எனக்கு வேலை வைக்கிறது. தானாக விழுந்த விதை எப்படி இவ்வளவு ஆழத்துக்குப் போனது, எப்படி இவ்வளவு நேராக முளைத்தது என்று எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, களை களைதான். நீங்கள் புதுசாக வருகிறவர். இரண்டு வரிசையைப் பார்த்தால் குழம்பிப்போவீர்கள். அதனால் ஓடைப் பக்கத்திலிருந்து பிடுங்கிக்கொண்டே வந்தேன்.

ஊற்றுக்கு நேர் மேலே வருகிறபோது காமுத்தாய் தண்ணீருக்கு வந்தாள். குனிந்து மோந்தாள். நிமிர்ந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். குடம் கையிலிருந்து நழுவி உருண்டு போனது, எடுக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அத்தான்,” என்றாள். பல் போனதால் பேச்சு காற்றாக வந்தது. “அது நேரா நிக்குது பாருங்க.”

நான் குனிந்து என் வேலையைப் பார்த்தேன்.

“அத்தான், இதுதான் நான் பாத்தது. இங்கதான் நின்னுச்சு. விடுங்க அத்தான். சர்வேயர் வரட்டும், அவரு பாக்கட்டும். அப்புறம் என்னமும் பண்ணுங்க.”

பிடுங்கிக்கொண்டேதான் இருந்தேன். அவள் மேட்டில் கையும் காலுமாக ஏறி வந்தாள். கூப்பிட்டாள், கும்பிட்டாள், என் தாத்தா பேரைச் சொன்னாள். ஒண்டிவீரன் பேரைச் சொன்னாள். நான் நின்றால் எண்ணிக்கை விட்டுப்போகும். வேலிப் பக்கம் வரைக்கும் போய் முடித்துத் திரும்பினேன். நடுவில் மட்டும் கொஞ்சம் பாக்கி. பார்த்தால் அந்த இடத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள். சேலையைச் சுற்றிலும் விரித்து, கோழி அடைகாக்கிற மாதிரி, மண்ணில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு.

“இப்பப் புடுங்குங்க,” என்றாள்.

பெண்பிள்ளையைத் தொட்டுத் தூக்க முடியுமா சார்? என் வயசுக்கு, என் சுபாவத்துக்கு? எழுந்திரு என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் அசையவில்லை. சரி, அரசாங்கத்து ஆள் சொன்னால் கேட்பாள் என்று இறங்கி வந்துவிட்டேன். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் போனதும் அதட்டி ஒரு வார்த்தை எழுப்பிவிடுங்கள். எழுந்ததும் நான் ஒரு நொடியில் முடித்துவிடுகிறேன். அதற்கப்புறம் நீங்கள் மெஷினை வைக்கலாம். அதிகம் இல்லை சார். சேலைக்கு இடையில் தலை நீட்டிக்கொண்டிருந்ததை வருவதற்கு முன்னால் இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் வந்தேன். ஆறு.